மோட்டார் உதறலைக் குறைக்க உதவி தேவை (பீன்யா, பெங்களூரு)

வணக்கம் நண்பர்களே. பீன்யாவில் ஒரு சிறிய பட்டறையில் மின் சக்கர நாற்காலிக்கு நிரந்தரக் காந்த மோட்டார் செய்கிறோம். 12 ஸ்லாட் (கம்பிச் சுருள் வைக்கும் பள்ளம்), 8 போல் (காந்த முனை). மெதுவாகப் போகும்போது நாற்காலி உதறுகிறது. முதுகுவலி உள்ளவர் உட்கார்ந்தால் பெரிய வேதனை. கரண்ட் இல்லாமல் கையால் சுற்றினாலும் ஒரு சுற்றுக்கு 24 இடங்களில் இழுத்துப் பிடிக்கிறது. ஆகவே காகிங்தான் (காந்தங்கள் ஸ்லாட்களுக்கு நடுவே உள்ள இரும்புப் பற்களை இழுத்துப் பிடிப்பது) முக்கியக் காரணம்.

இந்த இழுப்பு 15 டிகிரிக்கு ஒருமுறை வருவதால், ரோட்டாரை (சுழலும் பகுதி) நீளவாக்கில் மூன்று அடுக்காக்கி, அடுக்குகளின் இழுப்புகள் ஒன்றையொன்று சமன் செய்யும்படி அடுத்தடுத்த அடுக்கின் காந்தங்களை 5 டிகிரி தள்ளி ஒட்டலாம் என்று எண்ணம். சராசரி முறுக்குவிசை 4 சதவீதம் போலக் குறையும், பரவாயில்லை. ஆனால் அந்தத் துல்லியத்துக்கு ஜிக் (காந்தங்களைச் சரியான இடத்தில் பிடித்து ஒட்ட உதவும் சட்டம்) செய்து தருபவர் பெங்களூருவில் யார்? அப்புறம், 12 ஸ்லாட், 10 போலுக்கு மாறியவர்கள் சொல்லுங்கள்: காகிங் நன்றாகவே குறையும், சரி, ரோட்டார் சூடு எப்படி இருந்தது?