வேர்ல்ட் சீரிஸ்: உலகத் தொடரா, வாகைத் தொடரா?

வணக்கம். பேஸ்பால் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் இழையில், அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸைத் தமிழில் எப்படி எழுதுவது என்ற கேள்விக்கு வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> வேர்ல்ட் சீரிஸ் = உலகத் தொடர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. போன வாரம் ஒரு கட்டுரையில் நானும் இதையேதான் போட்டு வைத்திருந்தேன். படித்துப் பார்த்த அக்கா மகள், "மாமா, இதுல இந்தியா எந்த குரூப்?" என்றாள். அவள் மேல் தப்பில்லை. கிரிக்கெட் உலகக் கோப்பை பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு உலகத் தொடர் என்றால் நாடுகள் மோதுவதுதான். இங்கே மோதுவதோ அங்குள்ள இரண்டு லீகுகளான அமெரிக்கன் லீகிலிருந்து ஓர் அணி, நேஷனல் லீகிலிருந்து ஓர் அணி. இரண்டிலும் சேர்த்து 30 அணிகள். டொராண்டோவைத் தவிர எல்லாம் அமெரிக்க அணிகள்.

'நியூயார்க் வேர்ல்ட்' என்ற நாளிதழின் பெயரால் வந்த சொல் என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். நல்ல கதை, ஆனால் கதைதான். 1903இல் இன்றைய வேர்ல்ட் சீரிஸின் முதல் தொடரை பாஸ்டனும் பிட்ஸ்பர்க்கும் ஆடுவதற்கு முன்பே, 1880களில், உலக சாம்பியன் பட்டத்துக்கான தொடர் என்று நீட்டி முழக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது தேய்ந்துதான் இப்படி ஆனது.

ஜப்பான்காரர்கள் செய்ததைப் பாருங்கள். சென்ட்ரல் லீக், பசிபிக் லீக் என்று பிரிந்ததும் 1950இல் தொடங்கிய தொடருக்கு அவர்களும் 'நிப்போன் வேர்ல்ட் சீரிஸ்' என்றே பெயர் வைத்தார்கள் ('நிப்போன்' என்றால் ஜப்பான்). 1954இல் 'வேர்ல்ட்' போய் 'நிப்போன் சீரிஸ்' ஆகிவிட்டது. கடன் வாங்கியவர்களே நான்கே வருடத்தில் இறக்கி வைத்த உலகத்தை நாம் எதற்குத் தலையில் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும்? பெயரைப் பெயராகவே விட்டுவிடலாம்: வேர்ல்ட் சீரிஸ், நிப்போன் சீரிஸ். நமக்குத் தேவை அந்த வகைக்கு ஒரு பொதுச்சொல்.

> 'லீக் வெற்றியாளர் தொடர்' என்று வைத்தால் தெளிவாக இருக்குமே.

அமெரிக்காவுக்குச் சரி. அங்கே 1969 முதல், பருவம் முடிந்தபின் நடக்கும் பிளேஆஃபில் ஜெயித்து வருகிற அணிக்குத்தான் லீக் பட்டம். அதனால் தொடருக்குப் போகிறவர் லீக் வெற்றியாளராகத்தான் இருக்க முடியும். ஜப்பானில் இது உதைக்கும். அங்கே பருவம் முழுக்க ஆடி முதலிடம் பிடிப்பவருக்கே லீக் பட்டம். 2007 முதல் இரண்டு லீகிலும் நடக்கும் 'கிளைமாக்ஸ் சீரிஸ்', நிப்போன் சீரிஸுக்கு யாரை அனுப்புவது என்று மட்டும்தான் முடிவு செய்கிறது. 2024இல் சென்ட்ரல் லீக் பட்டம் யோமியூரி ஜயன்ட்ஸுக்கு. நிப்போன் சீரிஸ் ஆடப் போனதோ மூன்றாமிடத்தில் இருந்த யோகோஹாமா. சொந்த மைதானத்தில் முதல் இரண்டு ஆட்டத்தையும் கோட்டைவிட்டு, அடுத்த நான்கையும் ஜெயித்து பசிபிக் லீகின் சாஃப்ட்பேங்க் ஹாக்ஸை வீழ்த்தியது. லீகை வெல்லாமலே நாட்டை வென்ற அணியை 'லீக் வெற்றியாளர்' என்று எப்படி எழுதுவது? கொரியாவில் இருப்பதே ஒரே லீக் என்பதால் 'இரு லீகுத் தொடர்' என்ற யோசனையும் அங்கே நிற்காது.

> பெஸ்ட் ஆஃப் செவன் என்பதை 'ஏழாட்டத் தொடர்' எனலாம்.

இதை மட்டும் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். நாலு ஆட்டம் முதலில் ஜெயிப்பவருக்குத் தொடர்; ஏழு என்பது உச்சவரம்பு, அவ்வளவுதான். 2005 நிப்போன் சீரிஸில் லோட்டே அணி, ஹன்ஷினை நான்கே ஆட்டத்தில் முடித்துவிட்டது. நான்கிலும் சேர்த்து ரன் கணக்கு 33-4. சரி, உச்சவரம்பாவது கறாரானதா என்றால் அதுவும் இல்லை. 1986இல் ஹிரோஷிமாவும் செய்பூவும் ஆடிய முதல் ஆட்டம் வழக்கமான ஒன்பதைத் தாண்டி 14 இன்னிங்ஸ் போயும் 2-2 சமன். அடுத்த மூன்றும் ஹிரோஷிமாவுக்கு, அதற்கடுத்த நான்கும் செய்பூவுக்கு. ஆக எட்டு ஆட்டம். அந்த எட்டாவதில் செய்பூவின் அகியாமா கோஜி ஹோம்ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்து ஓடிவந்தவர், ஓட்டம் முடியும் இடமான ஹோம் பிளேட்டில் சும்மா மிதிக்காமல் ஒரு குட்டிக்கரணம் போட்டு வந்து இறங்கினார். 'ஏழாட்டத் தொடரின் எட்டாவது ஆட்டத்தில்' என்று இதை எழுதிப் பாருங்கள், சிரிப்பு வரும். அமெரிக்காவிலும் 1912இல் ஓர் ஆட்டம் இருட்டிப் போய்ச் சமனானதால் எட்டு ஆடினார்கள்.

மாறாத கணக்கு ஒன்றுதான்: நாலு ஜெயித்தால் முடிந்தது. ஆகவே ஆட்டத்தை எண்ணாமல் வெற்றியை எண்ணி 'நால்வெற்றித் தொடர்' என்போம். நால்வகை, நால்வேதம் போலத்தான், புணர்ச்சியில் சிக்கல் இல்லை. மூன்றில் இரண்டு வேண்டுமென்றால் இருவெற்றி, ஐந்தில் மூன்றுக்கு மூவெற்றி. 1903இல் ஒன்பதில் ஐந்து ஜெயிக்க வேண்டியிருந்தது, அது ஐவெற்றித் தொடர். பாஸ்டன் 5-3 என்று எடுத்தது.

பொதுச்சொல்லுக்கு என் ஓட்டு 'வாகைத் தொடர்'. இதற்கு வந்த மறுப்பை மிகவும் ரசித்தேன்: வாகை வென்ற பின் சூடுவது, இரு வேந்தர் நேருக்கு நேர் பொருதும் போருக்குரிய பூ தும்பை, எனவே 'தும்பைத் தொடர்' என்பதே முறை என்று. புறத்திணைப்படி அவர் சொல்வதுதான் சரி, வாதத்தில் நான் தோற்றேன். ஆனால் 'வாகை சூடியது' விளையாட்டுப் பக்கத்தில் தினமும் வருகிறது. தும்பைக்கு ஒவ்வொரு முறையும் அடிக்குறிப்பு போட வேண்டும்.

'லீக்'கை 'கூட்டிணைவு' ஆக்கும் யோசனை எனக்கு வேண்டாம். போர்க்கால ஜப்பானில் ஆங்கிலச் சொற்களை விரட்டியபோது நடுவர்கள், பந்து அடிப்பவருக்கு எதிராகக் கணக்காகும்போது சொல்லும் 'ஸ்ட்ரைக்' என்பதற்குப் பதில் 'யோஷி', அதாவது 'சரி' என்று கூவினார்கள். போர் முடிந்தது, ஸ்ட்ரைக் திரும்பி வந்துவிட்டது. அதே நாட்டில் 1894இல் சூமன் கனாயே என்பவர் பேஸ்பாலுக்கு வைத்த 'யக்யூ' என்ற சொல்லை இன்றுவரை யாரும் அசைக்கவில்லை. நம் 'லீக்' டீக்கடை வரை போய்விட்டது, விட்டுவிடுவோம்.

எழுதிப் பார்த்தது இது: "நிப்போன் சீரிஸ் ஜப்பானிய பேஸ்பாலின் வாகைத் தொடர். இரு லீகுகளும் அனுப்பும் அணிகள் மோதும் இந்த நால்வெற்றித் தொடர் வழக்கமாக அக்டோபரில் தொடங்கும்." எனக்கு இடறவில்லை. ஞாயிறு இரவுக்குள் மறுப்பு வராவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். 'பிட்சர்' (பந்தெறிபவர்) என்பதற்கான சொல் சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். 'எறிவீரர்' கட்சி அங்கே வரவும்.