குன்னூர் வீட்டுக் குழு: புத்தகப் பெட்டி

மீனா: எல்லோருக்கும் வணக்கம். பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு. மே முதல் வாரம் பிள்ளைகளோடு மேலே வருகிறோம். இந்த முறை ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பிள்ளைகளுக்குப் பிடித்த புத்தகங்களைக் கொண்டுவரலாமா? போன வருடம் முழுக்க அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு போனைத்தான் பார்த்தார்கள்.

பாபு சித்தப்பா: 👍

செல்வி அத்தை: ரொம்ப நல்லது மீனா. நீலகிரிக்கு வண்டி ஏற இ-பாஸ் எடுத்துவிட்டாயா?

மீனா: இன்றைக்கு எடுக்கிறேன் அத்தை

பாபு சித்தப்பா: எங்கள் வண்டிக்கு வேண்டாம். டிஎன் 43, நீலகிரிப் பதிவு

கார்த்தி: ரயிலில் வந்தால் யாருக்குமே வேண்டாம் சித்தப்பா

பாபு சித்தப்பா: டாய் கார்த்தி, நான் உனக்கு மாமா. டிக்கெட் கிடைத்தால்தானே ரயில்

பெரியப்பா: மீனா கேட்டதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. நேற்றே பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கிவிட்டேன். உள்ளே இருப்பவை: அம்புலிமாமா பைண்டு வால்யூம்கள், வாண்டுமாமா கதைகள், அழ. வள்ளியப்பாவின் ‘மலரும் உள்ளம்’, பூந்தளிர் இதழ்கள் ஒரு கட்டு, பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து கொண்டுவந்த குழந்தைகள் கலைக்களஞ்சியம். கலைக்களஞ்சியம் மொத்தம் 10 தொகுதி. 1968-இல் முதல் தொகுதி, 1976-இல் கடைசித் தொகுதி. நம் அப்பா சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது. நம்மிடம் 4-ஆம் தொகுதி மட்டும் இல்லை. யாரிடம் இருக்கிறது?

செல்வி அத்தை: என்னிடம் இல்லைங்கண்ணா

பாபு சித்தப்பா: இல்லை

கார்த்தி: பெரிய மாமா, முத்து காமிக்ஸ் இருக்கிறதா?

பெரியப்பா: இல்லை.

கார்த்தி: இரும்புக்கை மாயாவி கூடவா? 1972-இல் வந்த முதல் முத்து காமிக்ஸே அதுதான். பாபு மாமா வைத்திருந்தார் என்று அம்மா சொல்வாள்.

பாபு சித்தப்பா: ஒரு அட்டைப்பெட்டி நிறைய வைத்திருந்தேன். நான் காலேஜ் போனபோது பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டது. யார் போட்டது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை

செல்வி அத்தை: பாபு, ஆரம்பிக்காதே

அப்பத்தா (பெரியம்மா போனிலிருந்து): [குரல் பதிவு 0:41]

கூடலூர் சித்தி: அத்தை என்ன சொல்கிறார்கள்? நான் பஸ்ஸில் இருக்கிறேன், கேட்கவில்லை

மீனா: “நான் தினத்தந்தியைத்தான் போட்டேன், பொம்மைப் புத்தகத்தைப் போடவில்லை” என்கிறார். அப்புறம், பலாப்பழம் வாங்கி வரச் சொல்கிறார்.

பாபு சித்தப்பா: சரிம்மா

பெரியப்பா: காமிக்ஸ் வேண்டாம் என்று நான் எப்போதும் சொன்னதில்லை. கார்த்தி கொண்டுவரட்டும். ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் வள்ளியப்பாவைத்தான் வாசிக்க வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளை கையில் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு நாம் எழுந்து போகக்கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து நாம் வாசிக்க வேண்டும், ஓசை காதில் விழ வேண்டும். அர்த்தம் பின்னால் வரும். எட்டு வயதுக்கு மேல் அம்புலிமாமா. 1947 ஜூலையில் நாகி ரெட்டியும் சக்ரபாணியும் தொடங்கிய பத்திரிகை. விக்கிரமாதித்தன் கையில் வாளோடு வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும் அந்தப் படம் ஓவியர் சங்கர் வரைந்தது. அவர் 2020-இல்தான் காலமானார். வேதாளம் கேள்வி கேட்கும் இடத்தில் நிறுத்திவிட்டுப் பிள்ளைகளைப் பதில் சொல்லச் சொல்லுங்கள். நம் அப்பா அப்படித்தான் செய்வார். செல்வி எப்போதும் தப்பாகச் சொல்வாள்.

செல்வி அத்தை: நான் சொன்னதுதான் நியாயமான பதில். அப்பாவே ஒருமுறை ஒப்புக்கொண்டார்

பெரியப்பா: அப்படி எனக்கு நினைவில்லை.

செல்வி அத்தை: எனக்கு இருக்கிறது

கூடலூர் சித்தி: பஸ் இறங்கிவிட்டேன். நான் சொல்கிறேன். அரசின் வாசிப்பு இயக்கத்துக்காகப் பள்ளிக்கு வந்த சின்னப் புத்தகங்கள் நன்றாக இருக்கின்றன. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி. எங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் தமிழ் பேசுவதில்லை. தடிப் புத்தகத்தைக் கண்டாலே தள்ளி வைப்பவர்கள், இவற்றை ஒரே மூச்சில் முடித்துவிட்டு அடுத்தது கேட்கிறார்கள். பெரிய மாமா கோபித்துக்கொள்ளக் கூடாது. வால்யூம் பைண்டிங்கை மடியில் வைத்தால் நம் குட்டிகளுக்கே கால் வலிக்கும்.

பெரியப்பா: கோபம் எதற்கு அம்மா, நீ வகுப்பில் பார்த்ததைச் சொல்கிறாய். அவற்றையும் கொண்டு வா.

கூடலூர் சித்தி: அவை பள்ளியினுடையவை மாமா. அதே மாதிரி வேறு வாங்கி வருகிறேன். துளிர் அறிவியல் பத்திரிகையின் பழைய இதழ்களும் வீட்டில் இருக்கின்றன

மீனா: நான் யாழினி, அம்மா போன். எனக்கு டோட்டோ-சான் என்ற ஜப்பான் புத்தகம் பிடிக்கும். டோட்டோ-சானின் பள்ளிக்கூடம் ரயில் பெட்டியில் இருக்கும். குன்னூர் ஸ்டேஷனில் பழைய பெட்டி இருந்தால் அதில் உட்கார்ந்து படிக்கலாமா தாத்தா

பெரியப்பா: ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேட்டுப் பார்க்கலாம் கண்ணு. அந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்த இடம் எது தெரியுமா? முதல் நாள் கோபயாஷி மாஸ்டர் அந்தக் குழந்தை பேசுவதை நான்கு மணி நேரம் கேட்டுக்கொண்டே இருப்பார். ஒரு கொட்டாவி விட மாட்டார். நான் வேலையில் இருந்தபோது புதிதாக வரும் ஆசிரியர்கள் எல்லோருக்கும் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுவேன். தெத்சுகோ குரோயாநாகி எழுதியது எல்லாம் அவருக்கே நடந்தது. அந்தப் பள்ளி 1945-இல் குண்டுவீச்சில் எரிந்துபோனது. அதைப் பிள்ளைகளுக்கு மறைக்க வேண்டாம், அந்தக் கடைசி அத்தியாயம் நான் வாசிக்கிறேன்.

யாழினி (மீனா போன்): மதியச் சாப்பாட்டில் கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம் இருக்க வேண்டும் என்று சார் சொல்வார். நாமும் அப்படிச் சாப்பிடலாம்

செல்வி அத்தை: மலைக்குக் குறைவில்லை. கேரட், பீட்ரூட், பீன்ஸ் எல்லாம் வாசலிலேயே கிடைக்கும். கடலுக்கு மீனாதான்

பாபு சித்தப்பா: நெத்திலிக் கருவாடு

கார்த்தி: காசிமேட்டிலிருந்து 🙏

பெரியம்மா: கருவாடு வேண்டாம். போன மாதம்தான் கரடி கீழ்வீட்டுச் சமையலறைக் கதவை உடைத்தது

பாபு சித்தப்பா: அது எண்ணெய்க்கு வந்தது அண்ணி

பெரியம்மா: எதுக்கு வந்தாலும் கரடிதான்

மீனா: மீண்டும் நான். பெரியப்பா, 4-ஆம் தொகுதியில்தான் என் அப்பா கொல்லையில் பார்த்த பறவைகளின் பெயர்களைப் பென்சிலால் ஓரத்தில் எழுதியிருந்தார். அதை யாழினிக்குக் காட்ட வேண்டும். தயவுசெய்து எல்லோரும் ஒருமுறை வீட்டில் தேடுங்கள்.

பாபு சித்தப்பா: தேடுகிறேன்மா

செல்வி அத்தை: கட்டாயம். கட்டில் அடியிலும் பார்க்கிறேன்

செல்வி அத்தை: அண்ணா, இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெட்டி அங்கே இருந்தால் எல்லாம் போய்விடும். போன தடவை பூந்தளிரைத் திறந்தபோது படக்கதைச் சுப்பாண்டி முகமெல்லாம் பூஞ்சை. இந்த மே முடிந்ததும் திருப்பூருக்குக் கொண்டுபோகிறேன். எங்கள் வீடு காய்ந்த வீடு. கண்ணாடி அலமாரியும் இருக்கிறது.

பெரியப்பா: பெட்டி இங்கேதான் இருக்க வேண்டும். பிள்ளைகள் மேலே வருவதற்கு ஒரு காரணம் வேண்டாமா? பூஞ்சைக்கு வழி இருக்கிறது. நேர் வெயிலில் போட்டால் தாள் பழுத்து ஒடியும். அதனால் நிழலில், காற்று ஓடும் இடத்தில், பக்கங்களை விரித்து நிறுத்தி வைக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு மெல்லிய பிரஷ்ஷால் வெளியே வைத்துத் துடைக்க வேண்டும், மூக்கில் துணி கட்டிக்கொண்டு. ஈரமாக இருக்கும்போது துடைத்தால் பூஞ்சை தாளுக்குள் இறங்கிவிடும். தாளைத் தின்னும் ராமபாணப் பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து போடுவோம். தகரப் பெட்டியை மூடியே வைத்ததுதான் கெடுதல். இனி மரத் தட்டில் சுவரை ஒட்டாமல் வைக்கலாம்.

செல்வி அத்தை: யார் வைப்பது? உங்களுக்கு முட்டி வலி. ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் அடித்தால் குன்னூரில் துணியே காய்வதில்லை, புத்தகம் எப்படிக் காயும்

கார்த்தி: ஸ்கேன் செய்துவிடலாமே. கலைக்களஞ்சியம் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் முழுதாக இருக்கிறது. 4-ஆம் தொகுதியும்

மீனா: அதில் அப்பா கையெழுத்து இருக்காதே கார்த்தி

கார்த்தி: சாரி மீனாக்கா. நானும் தேடுகிறேன்

கூடலூர் சித்தி: பாதி இங்கே, பாதி திருப்பூர் என்று வைத்தால்?

பெரியப்பா: பிரிக்க வேண்டாம்.

செல்வி அத்தை: பிரிக்க வேண்டாம், அதில் நானும் அண்ணாவும் ஒன்று

பாபு சித்தப்பா: அப்பாடா

கூடலூர் சித்தி: நேரில் பேசிக்கொள்வோம்

செல்வி அத்தை: சரி. ஆனால் ‘அப்பா சிறுவனாக இருந்தபோது’ என்னிடம்தான் இருக்கும், அதை யாரும் கேட்கக் கூடாது. ரஸ்கின் எழுதிய ரஷ்யப் புத்தகம், கோவை நியூ செஞ்சுரி கடையில் அப்பா எனக்கென்றே வாங்கியது. பந்து கார் சக்கரத்தில் வெடிக்கும் கதையைக் கார்த்திக்கு எத்தனை முறை வாசித்திருப்பேன். காய்ச்சல் வந்தால் மருந்துக்கு முன்னால் அந்தக் கதை கேட்பான். கொண்டுவருகிறேன், வாசித்துவிட்டுத் திருப்பி எடுத்துப் போவேன்.

கார்த்தி: இப்போது கேட்டாலும் வரி வரியாகச் சொல்வேன்

பெரியப்பா: அப்படியானால் முதல் நாள் நீ வாசி. சாயங்காலம் 7 மணி. தினம் ஒரு பெரியவர். ஐபிஎல் கிடையாது.

பாபு சித்தப்பா: எனக்கு மேட்ச் இல்லாத நாள் கொடுங்கள் அண்ணா

பெரியப்பா: மேட்ச் இல்லாத நாளே கிடையாது என்று உன் அண்ணி சொல்கிறாள்.

கூடலூர் சித்தி: இதுவா பாருங்கள் [படம்]

மீனா: சித்தி, இது 6

கூடலூர் சித்தி: கண்ணாடி போடவில்லை. இன்னும் ஒரு பீரோ பாக்கி, ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன்

பெரியப்பா: 6-உம் இங்கே இருக்கிறதே. அப்படியானால் நம்மிடம் இரண்டு 6-ஆம் தொகுதியா? அது யாருடையது? உள்ளே பெயர் இருக்கும், பார்த்துச் சொல் அம்மா.

பாபு சித்தப்பா: அட்டையிலேயே நூலக முத்திரை இருக்கிறது அண்ணா

பெரியப்பா: எந்த நூலகம்?

பாபு சித்தப்பா: அழிந்திருக்கிறது

செல்வி அத்தை: மீனா, ஐந்தாம் தேதியா ஆறாம் தேதியா? பழக் கண்காட்சி வரை இருப்பாயா? சிம்ஸ் பார்க் கூட்டம் தொடங்கிவிட்டால் மேலே ஏறவே முடியாது

மீனா: லீவு சொல்லிவிட்டுச் சொல்கிறேன் அத்தை. கருவாடு கொண்டுவரவா வேண்டாமா?

பாபு சித்தப்பா: கொண்டு வா

பெரியம்மா: வேண்டாம்