மோதும்போது இன்ஜின் ஓடியதா: எதை வைத்துச் சொல்கிறார்கள்?

கேள்வி: 1999 ஜூலை 16 இரவு, முன்னாள் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் கென்னடி ஜூனியர் ஓட்டிய பைப்பர் சரடோகா என்ற சிறு விமானம் அமெரிக்காவின் மார்த்தாஸ் வினியார்ட் தீவு அருகே கடலில் விழுந்து, அதிலிருந்த மூவரும் இறந்தார்கள். கறுப்புப் பெட்டி கட்டாயமில்லாத ரகம். இன்ஜின் கோளாறு இல்லை என்று எப்படி முடிவுக்கு வர முடியும்?

பதில் 1: முதலில் புரொப்பெல்லர். விசையோடு சுழன்று மோதினால் பிளேடு எஸ் வடிவில் முறுக்கிக்கொள்ளும், முன்விளிம்பு சிதையும், அகலவாக்கில் கீறல் ஓடும். நின்றுபோயிருந்தால் பெரும்பாலும் ஒரு பிளேடு பின்னால் மடங்கியதோடு சரி.

பதில் 2: த்ராட்டில் (இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடி) இருக்கும் இடத்தை மட்டும் நம்பாதீங்க, மோதலில் கேபிள் இழுபட்டு நகர்ந்திருக்கும். கோளாறு வந்தால் எரியும் எச்சரிக்கை பல்பை லென்ஸில் பாருங்க. எரிந்துகொண்டிருந்தால் சூடான இழை நீண்டு சுருள் விரிந்திருக்கும். அணைந்திருந்தால் இழை நீளாமல் இருக்கும், இல்லையென்றால் பட்டென்று முறிந்திருக்கும்.

பதில் 3: இந்த விபத்தில் ரேடார் தடமும் முக்கியம். கடைசியில் வலப்புறத் திருப்பம், நிமிடத்துக்கு 4,700 அடிக்கு மேல் இறக்கம். இருட்டிலும் மங்கலிலும் விமானிக்குத் திசைமயக்கம் என்றே அமெரிக்க விபத்து விசாரணை அமைப்பான என்.டி.எஸ்.பி. முடித்தது.