புற்றுக்காளானை அடையாளம் காண உதவுங்கள்

வணக்கம். மூன்று மாதங்களாக வரப்பிலும் வேலியோரத்திலும் கிடைப்பதைப் பறித்தே பாதிச் சமையலை ஒப்பேற்றுகிறேன். பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, மூக்கிரட்டை, பிரண்டை எல்லாம் பழகிவிட்டன (புளி சேர்க்காமல் பிரண்டைத் துவையல் அரைத்து நாக்கு அரித்தது தனிக்கதை). காளான்தான் பயமுறுத்துகிறது.

நேற்றைய இடிமழைக்குப் பின் கறையான் புற்றருகே ஏழெட்டு வெள்ளைக் குடைகள். ஒன்றைத் தோண்டினேன், தண்டு வேர்போல் மெலிந்து ஒரு சாண் ஆழத்துக்கு இறங்கியது. குடை நடுவே கூர்முனை. நாலடி தள்ளி முளைத்ததற்கோ வேர் இல்லை, தண்டில் வளையம், குடைக்கு அடியிலுள்ள மடிப்புகளில் லேசான பச்சை. இது விஷக்காளான்தானே? காளானோடு வேகவைக்கும்போது கறுத்தால் விஷம் என்று சொல்லும் பூண்டு, வெள்ளிக்காசு சோதனைகளை நான் நம்புவதில்லை. சிறுவயது முதல் பறித்துச் சமைப்பவர்கள் வேறு எதைப் பார்ப்பீர்கள்? அதுவரை கூடையைத் தொடமாட்டேன்.