1923இல் வரைந்த வீட்டைத் திருகோணமலையில் கட்டலாமா?

உப்புவெளிப் பிளான்காரி:
வணக்கம். நான் திருகோணமலையில் வீட்டுப் பிளான் வரைபவள். நெதர்லாந்துக் கலைஞர் தியோ வான் டூஸ்பர்க்கும் கட்டடக் கலைஞர் கோர்னெலிஸ் வான் ஏஸ்டரனும் 1923இல் வடிவமைத்த 'கலைஞர் வீடு' நெடுநாளாக என் மனதை விட்டுப் போகவில்லை. அந்த ஆண்டே பாரிஸில் மாதிரியைக் காட்சிக்கு வைத்தார்கள். அதோடு சரி, வீடாக எழும்பவில்லை. நடுவில் ஒரு மையம். சுற்றிவர வெவ்வேறு உயரங்களில் அறைகள் பெட்டி பெட்டியாக வெளியே நீட்டி நிற்கும். இதுதான் முன்பக்கம் என்று எதையும் காட்ட முடியாது.

உப்புவெளியில் எங்கள் காணியில், தம்பி குடும்பத்துக்காக இதைச் சின்ன அளவில் கட்ட விரும்புகிறேன். நம் ஊருக்கு இது பொருந்தும் என்று நிச்சயமாக நம்புகிறேன். நீட்டிய அறைக்குக் கீழே உச்சி வெயிலிலும் நிழல். கச்சான் காற்று அனலடிக்கிற மாதங்களில் அதுவே விறாந்தை. தூண் இல்லாமல் எப்படி நிற்கும் என்று மேசன்மார் கேட்கிறார்கள். எனக்கு உப்புக்காற்றுதான் பயம். எங்கள் தெருவில் சிலாப்புகளுக்கு அடியில் கம்பி கறள் பிடித்து ஊதி, சீமெந்து கழன்று விழுகிறது. கண்ணாடியிழைக் கம்பி போட்டால் தப்பலாமா?

கம்பிக்கணக்கு:
தங்கச்சி, அது கறள் பிடிக்காது, உண்மை. ஆனால் அதன் விறைப்பு இரும்பில் ஏறத்தாழ நாலில் ஒன்றுதான். முறியாமல் நிற்கும், ஆனால் தொய்யும். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட்டின் ஃபோலிங்வோட்டர் வீட்டில் இரும்புக் கம்பி போட்ட நீட்டே (தூணின்றி வெளியே நீட்டிய தளம்) சுமார் 7 அங்குலம் தாழ்ந்து, 2002இல் எஃகு வடங்களை இறுக்கி இழுத்துத்தான் காப்பாற்றினார்கள்.

அதனால் சிலாப்பை மட்டும் நம்ப வேண்டாம். பெட்டியின் இரண்டு பக்கச் சுவர்களையும் கொங்கிரீட்டில் வார்த்துவிடுங்கள். அப்போது ஆளுயரச் சுவரே பீமாகிவிடும், தொய்வு வெகுவாகக் குறையும். முன்சுவருக்கு மட்டும் காற்றடைத்த இலகு கல். கண்ணாடியிழைக் கம்பியைக் கட்டுமிடத்தில் வளைக்க முடியாது, வளைவுகளைத் தொழிற்சாலையிலேயே செய்து எடுக்க வேண்டும். உவர்க் கிணற்றுத் தண்ணீரைக் கலவைக்குப் பாவிக்கவே கூடாது. இன்னொன்று, நீட்டில் இழுவிசையைத் தாங்குவது மேல்கம்பி. கொங்கிரீட் போடும்போது ஆட்கள் அதை மிதித்துக் கீழே இறக்கிவிடுவார்கள். அன்றைக்கு நீங்களே பக்கத்தில் நில்லுங்கள்.

உப்புவெளிப் பிளான்காரி:
நன்றி அண்ணா. சுவரே பீம் என்றால் பக்க ஜன்னல்கள் போய்விடுமே? மூலைகள் திறந்திருப்பதுதான் அந்த வடிவத்தின் உயிர். கொங்கிரீட்டையும் இலகு கல்லையும் கலந்தால் அந்த வீட்டுக்குத் துரோகம் செய்வதுபோலவும் இருக்கிறது.

உத்ரெக்ட்வாசி:
அக்கா, அந்தக் கவலையை விடுங்கள். நான் இருக்கிற நெதர்லாந்தின் உத்ரெக்ட் ஊரில்தான் கட்டடக் கலைஞர் ரீட்வெல்டின் ஷ்ரோடர் வீடு இருக்கிறது. 1924இல் கட்டியது, வான் டூஸ்பர்க் இருந்த அதே 'டி ஸ்டைல்' கலைக்குழுவின் சிந்தனை. பார்த்தால் கொங்கிரீட் பலகைகளை அடுக்கியதுபோல இருக்கும். உண்மையில் சுவர்கள் செங்கல்லும் பூச்சும். கொங்கிரீட் அத்திவாரத்திலும் பல்கனிகளிலும்தான். மேல்மாடி மூலை ஜன்னலைத் திறந்தால் மூலையே இல்லாமல் போகும். அப்படி ஒரு மூலை போதும், முழு வீடும் திறந்த மாதிரி இருக்கும்.

பெயின்ட் பாஸ்:
மகள், கூரையைத் தட்டையாக விட்டால் மார்கழி மழைக்கு ஒழுகும். சரிவு கொடுத்துக் கைப்பிடிச் சுவருக்குள் மறையுங்கள். நீட்டின் அடி விளிம்பில் விரலளவு பள்ளம் விட்டால் தண்ணீர் உள்ளே ஓடாமல் அங்கேயே சொட்டும். அந்தப் பாணியின் பளிச்சென்ற சிவப்பு நம் வெயிலில் வெளுக்கும், அதை நிழல் பக்கத்துக்கு வையுங்கள். கடலிலிருந்து 300 மீற்றருக்குள் காணி இருந்தால் கரையோரம் பேணல் திணைக்களத்திலும் முதலே கேளுங்கள்.

உப்புவெளிப் பிளான்காரி:
சரி. பக்கச் சுவர்களை மூடி, கடலைப் பார்த்த பெட்டிக்கு மட்டும் மூலை ஜன்னல் வைக்கிறேன். அந்த ஒரு பெட்டியின் நீட்டைக் குறைத்து, அதற்கு மட்டும் சிலாப்பைத் தடிப்பாக்கலாம். சிவப்பு நிறம், விறாந்தைக்கு மேலே தெரியும் பெட்டியின் அடிப்பக்கத்துக்கு. அண்ணா, திருத்திய பிளானைப் போட்டதும் மேல்கம்பி மையத்துக்குள் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று பார்த்துச் சொல்லுங்கள்.