டோர்ட்முண்டில் ஈரானியப் பிள்ளைகளுக்குப் பாரசீகம்: குறைந்த செலவில் எங்கே?

ரூர்க்காரன்:
வணக்கம். எங்கள் ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஈரானியர் ஒருவருக்காகக் கேட்கிறேன். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 6. இருவரும் இங்கே ஜெர்மன் பள்ளியில். மகள் தெஹ்ரானில் இரண்டாம் வகுப்பு முடித்தவள், மகனுக்கு எழுத்தே தெரியாது. வேலை ஒப்பந்தம் 3 வருஷம், அதற்குப் பிறகு திரும்புவதா இல்லையா என்று முடிவாகவில்லை. மாதம் 40 யூரோவுக்கு மேல் முடியாதாம். தனியார் பள்ளியா, சனிக்கிழமை வகுப்பா, எது சரி?

கொலோன் அக்கா:
காசு கட்டும் வகுப்பைத் தேடுவதற்கு முன்னால் அரசு வகுப்பைக் கேட்கச் சொல்லுங்கள். டோர்ட்முண்ட் இருக்கும் நோர்ட்ரைன் வெஸ்ட்ஃபாலன் மாநிலம் தாய்மொழி வகுப்பை இலவசமாக நடத்துகிறது. 'ஹேர்குன்ஃப்ட்ஷ்பிராஹ்லிஹர் உன்டர்ரிஹ்ட்' என்று பெயர், சுருக்கமாக ஹா-எஸ்-ஊ. பாரசீகம் அந்தப் பட்டியலில் உண்டு. ஆசிரியருக்குச் சம்பளம் மாநிலம் தருகிறது, வாரம் 5 மணி நேரம் வரை நடத்தலாம்.

பிள்ளை படிக்கும் பள்ளி அலுவலகத்திலேயே விண்ணப்பப் படிவம் கேட்கலாம், அது ஷூல்அம்ட்டுக்கு (பள்ளிக் கல்வி அலுவலகம்) போகும். தொடக்கப் பள்ளியில் 15 பேர், அதற்கு மேல் வகுப்புகளில் 18 பேர் சேர்ந்தால்தான் குழு தொடங்கும். அதனால் பல பள்ளிப் பிள்ளைகளை ஒரே இடத்தில் சேர்த்து, பிற்பகலில் வேறு பள்ளிக் கட்டடத்தில் நடத்துவார்கள். பலர் விட்டுவிடுவது இங்கேதான்: 6 வயசுப் பையனை யார் கொண்டுபோய் விடுவது? பதிந்துவிட்டால் அந்தக் கல்வியாண்டு முழுக்க வருகை கட்டாயம், இரண்டு வாரம் போய்ப் பார்த்துவிட்டு நிற்க முடியாது. எனவே கையெழுத்துக்கு முன்பே கிழமை, நேரம், கட்டடம் மூன்றையும் கேட்டு வாங்க வேண்டும்.

மகளுக்கு இன்னொரு லாபம். பத்தாம் வகுப்புப் பக்கம் மொழித் தேர்வு ஒன்று உண்டு. அதில் 'நன்று' எடுத்தால், வேறொரு வெளிநாட்டு மொழியில் வாங்கிய மோசமான மதிப்பெண்ணை ஈடுகட்டலாம்.

பாடநூல் பைத்தியம்:
அக்கா சொன்னதோடு ஒன்று. இந்த வகுப்பில் ஆப்கான் பிள்ளைகளும் இருப்பார்கள், அவர்கள் பேசுவது தரி, அதாவது ஆப்கானிஸ்தான் பாரசீகம். பயப்பட வேண்டாம், எழுத்தும் வாசிப்பும் ஒன்றுதான், உச்சரிப்பும் சில சொற்களும்தான் மாறும்.

உண்மையான சிக்கல் வேறு. வீட்டில் பேசுவது தெஹ்ரான் பேச்சு: வீட்டுக்கு 'கூனே' என்பார்கள், எழுதுவது 'கானே'. ரொட்டி பேச்சில் 'நூன்', எழுத்தில் 'நான்'. பேச்சை வைத்து எழுதும் பிள்ளை சொல்லுக்குச் சொல் தப்பு விடும். அதோடு எழுத்து 32. 'ஸ்' ஒலிக்கு 3 எழுத்து, ஆங்கில z ஒலிக்கு (ஜீப்ராவின் முதல் ஒலி) 4. எந்தச் சொல்லில் எது என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் மனதில் ஏற்ற வேண்டும். குறில் உயிர்கள் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை, முதல் வகுப்புப் புத்தகத்தில் மேலேயும் கீழேயும் குறி போட்டிருப்பார்கள். ஆகவே மகளை முதல் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வைத்தால் சலித்துவிடுவாள், நாலாம் புத்தகத்தைக் கொடுத்தால் திணறுவாள். இரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு பக்கம் உரக்க வாசிக்கச் சொல்லி, ஐந்து வரி சொல்வதெழுதுதல் கொடுத்துப் பார்த்தால் இடம் தெரிந்துவிடும்.

புத்தகத்துக்குச் செலவே இல்லை. ஈரான் கல்வி அமைச்சகம் எல்லா வகுப்புப் பாடநூலையும் தன் தளத்தில் பிடிஎஃப் ஆக வைத்திருக்கிறது. 'புத்தகக் கட்டணம்' என்று பெரிய தொகை கேட்டால் எதற்கு என்று கேளுங்கள்.

ரூர்க்காரன்:
நன்றி. ஈரான் பாடத்திட்டத்தை ஆன்லைனில் முழுதாகப் படிக்கவைத்து, ஜெர்மன் பள்ளியை நிறுத்திவிடலாமா என்று அவர் கேட்கிறார்.

ஹாகன் வாத்தியார்:
கூடவே கூடாது. ஜெர்மனியில் பள்ளிக்கு நேரில் போவது சட்டக் கட்டாயம், வீட்டிலிருந்து படிப்பது அதை நிறைவேற்றாது, அபராதம் வரும். ஆன்லைன் என்றால் மாலையில் கூடுதலாக மட்டும்.

3 வருஷத்தில் மகள் ஏழாம் வகுப்பு வயதுக்கு வந்துவிடுவாள். ஈரானில் 6+3+3 முறை, அங்கே ஏழாவது என்றால் இடைநிலைப் பள்ளியின் முதல் வருஷம். அப்போது கணிதமும் அறிவியலும் பாரசீகத்தில் வாசிக்க வராவிட்டால் திண்டாட்டம்தான். திரும்ப வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றாலும் இப்போதே தன் நிலைக்கு ஏற்ற கணிதப் புத்தகத்தில் தொடங்கி, படிப்படியாக ஐந்தாம், ஆறாம் வகுப்புப் புத்தகம் வரை வாரம் ஒரு மணி நேரம் வீட்டில் பார்க்கட்டும். ஜெர்மன் மதிப்பெண் பட்டியலின் அசலை ஒவ்வொரு வருஷமும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள், சேர்க்கையின்போது அதன் பாரசீக மொழிபெயர்ப்பு கேட்பார்கள். பையனுக்கு இந்தக் கவலை இல்லை, எழுத்து பழகினால் போதும்.

அரசு வகுப்பு கிடைக்காவிட்டால்தான் பெற்றோர் சங்கம் நடத்தும் வார இறுதி வகுப்பு. சங்கச் சந்தா தனியா, விடுமுறை மாதத்துக்கும் கட்டணமா, இரண்டாவது பிள்ளைக்குச் சலுகையா என்று கேட்டு வருஷக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். குடும்பம் வோன்கெல்டோ (அரசின் வீட்டு வாடகை உதவி) கிண்டர்ட்சுஷ்லாகோ (குறைந்த வருமானக் குடும்பத்துக்கான பிள்ளை உதவித்தொகை) வாங்கினால் 'பில்டுங் உன்ட் டைல்ஹாபே' என்ற பிள்ளைகள் கல்வி உதவித் திட்டம் வழியாகப் பிள்ளைக்கு மாதம் 15 யூரோ உண்டு. சங்கக் கட்டணத்துக்கு அது செல்லுமா என்பதை அதிகாரிதான் முடிவு செய்வார், பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.