‘ஃபிலிம் நுவார்’ என்பதற்கு ‘இருண்மைப் படம்’: ஒரு முன்மொழிவு

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

குற்றமும் ஏமாற்றும் நிறைந்த, 1940களின் அமெரிக்கப் படவகையைச் சுட்டும் ‘ஃபிலிம் நுவார்’ என்பதற்கு இதுவரை வந்த பரிந்துரைகளில் ‘துப்பறியும் படம்’, ‘கறுப்புப் படம்’, ‘நிழற்படம்’ ஆகிய மூன்றுக்கும் ஆதரவு இருக்கிறது. சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு வாதிடுவதைவிட, இவ்வகையின் முன்னோடி என்று பலரும் ஏற்றுக்கொண்ட ஒரு படத்தின்மீது இவற்றைப் பொருத்திப் பார்ப்பது நல்லது. 1941இல் ஜான் ஹியூஸ்டன் இயக்கிய முதல் படமான ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ அதற்கு ஏற்றது. டாஷியல் ஹாமெட் 1930இல் நூலாக வெளியிட்ட நாவலே அதன் மூலம். கதை நிகழுமிடம் சான் பிரான்சிஸ்கோ. ஹம்ஃப்ரி போகார்ட் நடித்த சாம் ஸ்பேட் என்னும் தனியார் துப்பறிவாளரே நாயகன்.

நாயகன் துப்பறிவாளர் என்பதாலேயே ‘துப்பறியும் படம்’ போதும் என்பது ஒரு நண்பரின் வாதம். ஆனால் அந்தத் தொடரைக் கேட்டதும் தமிழ் வாசகர் எதிர்பார்ப்பது, குற்றத்துக்கு வெளியே நிற்கும் கூரிய அறிவாளி ஒருவர் முடிச்சை அவிழ்ப்பதைத்தான். ஸ்பேட் அப்படி வெளியே நிற்பவர் அல்லர். தொழில் கூட்டாளி ஆர்ச்சர் சுட்டுக் கொல்லப்படுகிறார். அவருடைய மனைவியோடு ஸ்பேடுக்கு ஏற்கெனவே தொடர்பு உண்டு. கூட்டாளி இறந்த கையோடு, அலுவலகக் கதவிலும் சன்னலிலும் உள்ள பெயரை மாற்றி எழுதச் சொல்லிவிடுகிறார். விலைமதிப்பற்றது என்று நம்பி எல்லோரும் உயிரைக் கொடுத்துத் தேடிய பறவைச் சிலையை, தேடியவர்களில் ஒருவரான கட்மன் பேனாக்கத்தியால் சுரண்டிப் பார்க்கும்போது உள்ளே இருப்பது வெறும் ஈயம். கொலை செய்தவர் யார் என்பது தெரிந்த பிறகும் பார்ப்பவருக்கு நிம்மதி கிடைப்பதில்லை. மேலும், 1944இல் வந்த ‘டபுள் இண்டெம்னிட்டி’யில் கதையைச் சொல்பவரே கொலை செய்த காப்பீட்டு முகவர், துப்பறிவாளர் நாயகனாக இல்லாத இத்தகைய படங்களை எங்கே வைப்பது?

‘கறுப்புப் படம்’ பிரெஞ்சுத் தொடரின் நேர் மொழிபெயர்ப்பு என்பதைத் தவிர அதற்கு வேறு வலு இல்லை என்பது என் கருத்து. ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் பிரான்சுக்கு வர முடியாமல் இருந்த அமெரிக்கப் படங்கள் 1946இல் பாரிசில் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையிடப்பட்டபோது, நினோ ஃபிராங்க் என்ற விமர்சகர் அவ்வாண்டு ஆகஸ்டில் எழுதிய கட்டுரையில் இந்தப் பெயரை அவற்றுக்குச் சூட்டினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் மார்செல் துயமெல் ‘செரீ நுவார்’ (‘கறுப்பு வரிசை’) என்ற குற்றப் புனைகதை வரிசையைத் தொடங்கியிருந்தார். ஆகவே, பிரெஞ்சு வாசகர் காதில் அந்தக் கறுப்பு முதலில் கதையின் கறுப்பாகவே விழுந்திருக்கும். படச்சுருளின் நிறமாக அன்று. தமிழில் அது தலைகீழாகிவிடும். ‘கறுப்புப் படம்’ என்றால் ஒருவர் கறுப்பு வெள்ளைப் படத்தை நினைப்பார். இன்னொருவர் கறுப்புப் பணம், கறுப்புச் சந்தை என்ற வழக்கை ஒட்டித் திருட்டுப் பிரதி என்று நினைப்பார். கறுப்பின அமெரிக்கர்கள் எடுத்த படங்களுக்கு நமக்குத் தனியே ஒரு சொல் தேவைப்படுகிறது என்பதையும் மறக்கக் கூடாது. போதாக்குறைக்கு, இவ்வகையில் பலரும் சேர்க்கும் ‘லீவ் ஹெர் டு ஹெவன்’ (1945) முழுக்க வண்ணப் படம். அதன் மிகக் கொடூரமான சாவு பட்டப்பகலில், ஏரியின் நடுவே நிகழ்கிறது.

‘நிழற்படம்’ நமக்கு ஏற்கெனவே புகைப்படம். ‘நிழலுலகப் படம்’ என்று நீட்டினால் தாதாக்களின் கதையாகிவிடும். ஆயினும் ஒளியமைப்பைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ‘லோ கீ’ ஒளியமைப்புக்கு ‘தாழ் ஒளி’ என்று நம் பட்டியலில் இருப்பது, வெளிச்சம் மொத்தமாகக் குறைவு என்ற தவறான எண்ணத்தைத் தருகிறது. படப்பிடிப்புத் தளத்தில் ‘கீ லைட்’ (முதன்மை ஒளி), ‘ஃபில் லைட்’ (நிரப்பொளி) என்று சொல்லும் இரண்டில், முன்னது வலுவாகவே இருக்கும். நிழலைத் தணிக்கும் பின்னதைக் குறைத்துவிடுவதால்தான் முகத்தின் ஒரு பாதி இருளில் மூழ்குகிறது. ‘நிரப்பொளி குறைத்தல்’ என்றால் செயலே சொல்லில் தெரியும். ஃபால்கன் படத்தின் ஒளிப்பதிவாளர் ஆர்தர் எடிசன் இரண்டு இடங்களில் நிழலைக் கொண்டு கதையே சொல்கிறார்: சன்னல் கண்ணாடியில் எழுதிய இரு கூட்டாளிகளின் பெயர் அலுவலகத் தரையில் நிழலாக விழுந்து கிடப்பதும், முடிவில் மின்தூக்கியின் கம்பிக்கதவு நிழல், ஸ்பேடின் வாடிக்கையாளரும் ஆர்ச்சரைக் கொன்றவளுமான பிரிஜிட்டின் முகத்தில் சிறைக்கம்பிபோல் படிவதும். ஆனால் அந்தப் படத்தின் பெரும்பகுதி நன்றாக வெளிச்சம் பாய்ச்சிய அறைகளில்தான் நடக்கிறது. ஒளியமைப்பை மட்டும் கொண்டு பெயரிட்டால் முன்னோடியே வகைக்கு வெளியே போய்விடும்.

ஆகவே, ‘இருண்மைப் படம்’ என்பதை முன்மொழிகிறேன். இருள் தமிழில் வெளிச்சமின்மையை மட்டும் குறிப்பதில்லை. அறியாமை, தீவினை, துன்பம் மூன்றையும் தாங்கும் சொல் அது. ‘இருள்நீங்கி இன்பம் பயக்கும் மருள்நீங்கி மாசறு காட்சி யவர்க்கு’ என்ற குறளில் இருளும் மருளும் (மயக்கமும்) அடுத்தடுத்து நிற்பதைக் காட்டி ‘மருட்படம்’ என்று கேட்ட நண்பரின் இரசனை எனக்குப் பிடித்திருந்தது. எது உண்மை என்று தெரியாமல் தடுமாறும் ஸ்பேடின் வாடிக்கையாளர்களுக்கும் அது பொருந்தும். ஆனால் ஊர்ப்பக்கம் ‘மருள்’ என்றால் சாமி வந்து ஆடுவது. சுவரொட்டியில் அந்தச் சொல்லைப் பார்த்து உள்ளே வருபவர் உடுக்கைச் சத்தத்தை எதிர்பார்ப்பார்.

புதுக்கவிதை விமர்சனத்தில் ‘இருண்மை’ பொருள் புரியாத தன்மையைக் குறிக்கிறதே என்ற ஆட்சேபம் நியாயமானது. ‘படம்’ என்ற ஒட்டு சேர்ந்ததும் துறை தெளிவாகிவிடுவதால் இதில் பெரிய குழப்பம் நேராது. ஒரு கலைச்சொல் கிளைவிடுகிறதா என்பதே எனக்கு முக்கியமான சோதனை. ‘இருண்மைச் சாயல்’, ‘இருண்மைக் கூறுகள்’ என்று எழுத முடிகிறது, எஸ். பாலச்சந்தர் 1954இல் பாடலே இல்லாமல் எடுத்த ‘அந்த நாள்’ படத்தைப் பற்றி எழுதும்போது இத்தொடர்கள் உடனே உதவும். ‘சைனாடவுன்’ (1974) போன்ற பிற்காலப் படங்களை ‘நவ இருண்மைப் படம்’ எனலாம். ‘நவ கறுப்புப் படம்’ என்று எழுதக் கை கூசும்.

பட்டியலில் முதல் வடிவமாக ‘இருண்மைப் படம்’ என்றும், ஒலிபெயர்ப்பாக ‘நுவார்’ என்றும் இரண்டையும் வைக்கலாம். ‘நோயர்’ என்ற எழுத்துக்கோவையை மட்டும் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். அது நோயாளிகளைப் பற்றிய படம்போல் இருக்கிறது.

இதனோடு சேர்ந்து வந்த, ஆணை மயக்கி அழிவுக்கு இழுக்கும் பெண் பாத்திரத்தைச் சுட்டும் ‘ஃபெம் ஃபட்டால்’ என்பதற்கு ‘நச்சுக்கன்னி’ என்ற பரிந்துரையில் எனக்கு உடன்பாடில்லை. நம் கதைகளில் வரும் நச்சுக்கன்னி அரசன் ஏவிய கருவி. பிரிஜிட்டோ தன் பொய்களைத் தானே திட்டமிட்டுச் சொல்பவள். அந்தத் தன்விருப்பத்தையும் உணர்த்தும் சொல் யாரிடமாவது இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.